புல்லுக்கு நிலம் எங்கே?

விவசாயத் தொழிலாளியின் மாடு ஏன் குறைவாகப் பால் கறக்கிறது? கால்நடை முகாம்களிலும் மந்திரிகளின் மேடைகளிலும் இதற்கு ஒரே பதில்தான் கிடைக்கிறது. அவனுக்கு விஞ்ஞான ரீதியில் தீனி போடத் தெரியவில்லையாம். வெறும் வைக்கோலை உதறிப் போட்டுவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வருகிறானாம். பசும்புல் இத்தனை கிலோ, உலர்தீவனம் இத்தனை கிலோ, கலப்புத் தீவனம் இத்தனை கிலோ என்று கணக்குப் பார்த்துக் கொடுத்தால் பால் பொங்கும், வறுமை பறந்தோடும் என்று உபதேசம் செய்கிறார்கள்.

ஆக, ஏழையின் வறுமைக்குக் காரணம் ஏழையின் அறியாமை! பழைய பொய்க்குப் புதுச் சட்டை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். அவர்களுடைய ஆராய்ச்சியைக் கொண்டே இந்தப் பொய்யை உடைக்க முடியும். உடைப்போம்.

மாட்டின் வயிறு ஒரு மில்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். தொழிலாளி வர்க்கம் விஞ்ஞானத்துக்கு எதிரியல்ல. தீவன ஆராய்ச்சி கண்டுபிடித்திருப்பது உண்மையிலேயே மகத்தான விஷயம். அது நம் ஒவ்வொருவருக்கும் தெரிய வேண்டும்.

மாடும் ஆடும் மனிதனால் சீரணிக்க முடியாத புல்லையும் தாளையும் தின்று பாலாகவும் இறைச்சியாகவும் மாற்றுகின்றன. எப்படி? அவற்றின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. முதல் அறை பெரிய தொட்டி போன்றது. அதில் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்ணுயிர்கள் இருக்கின்றன. நார்ச்சத்தை உடைத்துப் புளிக்க வைப்பது இவைதான். அப்போது உண்டாகும் அமிலங்கள் மாட்டுக்குச் சக்தி தருகின்றன. பாலின் கொழுப்பும் பெருமளவு இதிலிருந்தே வருகிறது. பிறகு அந்த நுண்ணுயிர்களே அடுத்த அறைகளுக்குப் போய் மாட்டுக்குப் புரதமாகின்றன.

மில் தொழிலாளிக்கு இது உடனே விளங்கும். மாட்டின் வயிறு மூன்று ஷிப்டும் ஓடும் ஒரு மில். நுண்ணுயிர்கள் அதன் தொழிலாளிகள். அந்தத் தொழிலாளிகளுக்குக் கஞ்சி ஊற்றாவிட்டால் மில் ஓடாது. தீனியில் புரதம் ஏழு சதவீதத்துக்குக் கீழே போனால் நுண்ணுயிர்கள் மந்தமாகிவிடுகின்றன. மாடு தின்னும் அளவும் சுருங்கிவிடுகிறது. நெல் வைக்கோலில் இருக்கும் புரதமோ மூன்று, நான்கு சதவீதம்தான். தின்ற வைக்கோலில் ஏறக்குறையப் பாதி சாணமாகவே வெளியேறிவிடும். வைக்கோலை மட்டும் தின்ற மாடு உயிரோடு நிற்கும், அவ்வளவுதான். கறக்காது.

பின்லாந்து விஞ்ஞானி விர்டானென், பசுந்தீவனத்தை அமிலம் தெளித்துக் கெடாமல் சேமிக்கும் முறையைக் கண்டார். 1945இல் அவருக்கு ரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவரே 1960களில் இன்னொரு சோதனை செய்தார். புரதமே இல்லாத தீனியோடு யூரியாவும் அம்மோனியா உப்பும் கொடுத்துப் பசுக்களைக் கறக்க வைத்தார். ஒரு பசு ஆண்டுக்கு 4,000 கிலோவுக்கு மேல் பால் தந்தது. வயிற்றுக்குள் இருக்கும் தொழிலாளிகளைக் கவனித்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நம் நாட்டு ஆராய்ச்சியும் குறைந்ததல்ல. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைச் சுமார் 60 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி, 21 நாள் வைத்திருந்தால் வைக்கோல் மென்மையாகிறது. புரதம் இரட்டிப்பாகிறது. (யூரியாவை நேராகத் தீனியில் கலக்காதீர்கள். அது விஷமாகி மாட்டைக் கொன்றுவிடும்.) கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008இல் கோ-4 என்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை வெளியிட்டது. கரணை நட்டு 75 நாளில் முதல் அறுப்பு. பிறகு 45 நாளுக்கு ஓர் அறுப்பு. மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு வேலிமசால் அல்லது அகத்தி சேர்த்தால் புரதக் குறையும் தீரும்.

இதையெல்லாம் நாம் மறுக்கவில்லை. வரவேற்கிறோம். இப்போது நிபுணர்களிடம் ஒரே ஒரு கேள்வி: இந்தக் கரணையை எங்கே நடுவது?

பத்து சென்ட் கணக்கு

கணக்கைப் போட்டுப் பாருங்கள், தோழர்களே! கறவைப் பசு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 25 கிலோ பசும்புல் வேண்டும் என்கிறார்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 9 டன். கோ-4 புல் ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு 380 முதல் 400 டன் விளையும் என்பது பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு. ஏக்கருக்கு 150 டன். அப்படியானால் பத்து சென்ட் நிலத்தில் 15 டன். ஆராய்ச்சிப் பண்ணையின் விளைச்சல் ஏழையின் நிலத்தில் வராது என்று மூன்றில் ஒரு பங்கைத் தள்ளுங்கள். அப்போதும் 10 டன் நிற்கிறது. ஒரு பசுவுக்கு ஆண்டு முழுவதும் போதும்!

பத்து சென்ட் நிலம். கொஞ்சம் கிணற்றுத் தண்ணீர். சுமார் 1,600 கரணை. ஒரு விவசாயத் தொழிலாளிக் குடும்பத்தின் மாட்டைக் கறவை மாடாக்க இவ்வளவுதான் தேவை. விஞ்ஞானம் இதைத் துல்லியமாகக் காட்டிவிட்டது. ஆனால் அந்தப் பத்து சென்ட்தான் நம்மிடம் இல்லை. வீட்டுமனைப் பட்டாவுக்கே தாலுகா ஆபீஸ் வாசலில் வருஷக்கணக்காக நிற்கிறவன் கோ-4 கரணையைக் கூரையிலா நடுவான்?

கிணறும் மோட்டாரும் பத்து ஏக்கரும் வைத்திருப்பவர் அரை ஏக்கரைப் புல்லுக்கு ஒதுக்குகிறார். கரணையை வாங்கிக்கொள்கிறார். புல் வெட்டும் கருவியை மானியத்தில் வாங்குகிறார். அவருக்கு ஆராய்ச்சி லாபமாகிறது. அதே ஆராய்ச்சி நிலமில்லாதவனுக்கு வசையாகிறது: உனக்குத்தான் தெரியவில்லை!

ஜான்சியில் 1962 முதல் இயங்கும் இந்தியப் புல்வெளி, தீவன ஆராய்ச்சி நிலையம் தன் 2050 தொலைநோக்கு ஆவணத்தில் என்ன எழுதியிருக்கிறது? நாட்டில் பசுந்தீவனப் பற்றாக்குறை 35.6 சதவீதம், அடர்தீவனப் பற்றாக்குறை 44 சதவீதம் என்று எழுதியிருக்கிறது. சாகுபடி நிலத்தில் சுமார் 4 சதவீதம்தான் தீவனப் பயிருக்குக் கிடைக்கிறது என்றும் சொல்கிறது. இல்லாத புல்லை எந்த அறிவு கொண்டு மாட்டுக்குப் போடுவது? நாட்டின் தலைமை ஆராய்ச்சி நிலையமே பற்றாக்குறை என்கிறது. மேடைப் பேச்சாளர்கள் அறியாமை என்கிறார்கள்!

வரப்பும் போச்சு, வைக்கோலும் போச்சு

நிலமில்லாத குடும்பம் இத்தனை காலம் மாட்டுக்கு எதைப் போட்டது? வரப்புப் புல்லை. வேலை முடிந்து பெண்கள் கருக்கரிவாளோடு வரப்பு வரப்பாக அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டு வருவார்கள். அந்த உழைப்புக்குக் கூலியும் இல்லை, கணக்கும் இல்லை. அந்தப் புல்லுக்கும் நிலச்சொந்தக்காரரின் தயவு வேண்டும். கூலி உயர்வு கேட்டால் மறுநாள் காலை வரப்பில் கால் வைக்காதே என்ற உத்தரவு வரும். சாதி ஆதிக்கம் உள்ள ஊர்களில் அந்த உத்தரவு முதலில் பாய்வது சேரிப் பெண்கள் மேல்தான். புல் என்பது அங்கே கங்காணியின் சவுக்கு.

இப்போது அந்த வரப்பிலும் களைக்கொல்லி அடிக்கிறார்கள். ஒரே மருந்தில் களையெடுக்கும் கூலியும் போச்சு, மாட்டுக்குப் புல்லும் போச்சு.

வைக்கோலாவது மிஞ்சியதா? தஞ்சை, நாகை, திருவாரூர் வயல்களைப் பாருங்கள். அறுவடை இயந்திரம் இறங்கியது. அறுப்புக் கூலி ஒழிந்தது. பின்னாலேயே வைக்கோல் சுருட்டும் இயந்திரம் வருகிறது. கட்டுக்கட்டாகச் சுருட்டி லாரியில் ஏற்றி வெளி ஜில்லாக்களுக்கும் கேரளத்துக்கும் அனுப்புகிறார்கள். நெல் விளைவித்த கிராமத்தில் வைக்கோல் விலைக்கு வாங்கும் சரக்காகிவிட்டது. அன்றாடம் ஒரு கட்டு வாங்கிப் போடுகிறவள் நூறு கிலோ வைக்கோலை யூரியா தெளித்து 21 நாள் எப்படி மூடி வைப்பாள்? அந்த 21 நாளும் மாடு எதைத் தின்னும்? இந்தக் கேள்விக்கு விடை எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் இல்லை. இயந்திரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இயந்திரத்தின் பலன் யாருக்கு என்றுதான் கேட்கிறோம்.

மேய்ச்சல் நிலம் யார் வயிற்றில்?

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாடு சுமார் 95 லட்சம், செம்மறியாடு 45 லட்சம், வெள்ளாடு ஏறக்குறைய 99 லட்சம். இவ்வளவு உயிர்களுக்கு நிரந்தர மேய்ச்சல் நிலம் எவ்வளவு? ராஜ்யத்தின் மொத்தப் பரப்பில் ஒரு சதவீதம்கூட இல்லை! மேய்க்கால் புறம்போக்கு என்று கிராமக் கணக்கில் எழுதியிருக்கும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். தென்னந்தோப்பு நிற்கும். கல் குவாரி வெட்டும். குப்பைமேடு புகையும். சர்க்கார் கட்டடம் எழும்பும். மிஞ்சிய இடத்தில் சீமைக் கருவேலம்.

2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட், கிராமப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டுப் பொது உபயோகத்துக்குத் திருப்ப வேண்டும் என்று எல்லா ராஜ்யங்களுக்கும் உத்தரவிட்டது. நிலமற்ற கூலிகளுக்கும் ஆதிதிராவிடர், ஆதிவாசிகளுக்கும் சர்க்கார் உத்தரவுப்படி கொடுத்த குத்தகைக்கு விலக்கு அளிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. நடப்பதென்ன? ஆக்கிரமிப்பு அகற்றம் என்று புல்டோசர் வந்தால் முதலில் இடிவது ஏழையின் குடிசை. பெரிய மனிதரின் தோப்புக்கு நோட்டீஸ் மேல் நோட்டீஸ்தான் போகும், மண்வெட்டி போகாது.

காட்டுக்குப் போகலாமா? 2022 மார்ச்சில் சென்னை ஹைக்கோர்ட் தமிழ்நாட்டின் காடுகளில் மாடு மேய்க்கத் தடை விதித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அதே மாதத்தில் அது தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பாரம்பரியமாக மேய்ப்பவர்களின் மேய்ச்சல் உரிமையை எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. எழுத்தைத் தின்று மாடு கறக்குமா?

செம்மறி மேய்ப்பவன் கதையும் இதேதான். ராமநாதபுரம், சிவகங்கைக் கீதாரிகள் மந்தையை ஓட்டிக்கொண்டு டெல்டாவுக்கு வந்து அறுத்த வயலில் கிடை போடுகிறார்கள். வயலுக்கு உரம் கிடைக்கிறது. ஆட்டுக்குத் தாளடி கிடைக்கிறது. வயல் மனையாக, வரப்பு மருந்தாக மாறும் வேகத்தில் அந்த வழித்தடமும் அடைபடுகிறது. காங்கேயம் பக்கத்துக் கொரங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கிளுவை வேலியும் சேர்ந்து வறண்ட பூமியிலும் ஆடு மாட்டைக் காக்கின்றன. பல்கலைக்கழகம் பிறப்பதற்கு முன்பே மக்கள் கண்ட தீவன விஞ்ஞானம் அது! ஆனால் வேலிக்கு உள்ளே மேய்க்க வேண்டுமானால் நிலம் இல்லாதவன் வருஷக் குத்தகை கட்ட வேண்டும்.

மாடு கொடுத்தார்கள், புல்?

2011 செப்டம்பரில் அன்றைய அ.தி.மு.க. சர்க்கார் ஐந்தாண்டுகளில் 60,000 ஏழைப் பெண்களுக்கு இலவசக் கறவை மாடும், 7 லட்சம் குடும்பங்களுக்குத் தலா நான்கு ஆடுகளும் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஏழைக்குக் கிடைத்த எதையும் நாம் ஏளனம் செய்ய மாட்டோம். ஆனால் கேட்காமலும் இருக்க மாட்டோம். மாட்டோடு பத்து சென்ட் புல் நிலத்தையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் அது சொத்து. புல் இல்லாத மாடு சொத்தல்ல. கூடுதலாக ஒரு வயிறு. தீனிக் கடைக்காரருக்கு ஒரு புது வாடிக்கை!

தீனிக் கடையில் என்ன நிலை? பிண்ணாக்கு, தவிடு, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை எல்லாம் சந்தைச் சரக்கு. எண்ணெய் எடுத்த தவிட்டின் ஏற்றுமதியை 2023 ஜூலையில் மத்திய சர்க்காரே தடை செய்தது. ஏன்? மாட்டுத் தீவன விலை ஏறியதால். விலை ஏறுவது டெல்லிக்குத் தெரிகிறது என்று அர்த்தம். ஆனால் அதே 2023 டிசம்பரில் கரும்புச்சாற்றில் எத்தனால் எடுப்பதற்குக் கட்டுப்பாடு வந்ததும், வடிசாலைகள் மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பின. அடுத்த ஆண்டில் எத்தனாலுக்கு முக்கியக் கச்சாப்பொருள் மக்காச்சோளம்தான். மாட்டின் வாயிலிருந்து பிடுங்கி மோட்டாரின் வாயில் ஊற்றுகிறார்கள்.

பால் சொசைட்டியில் அளப்பது எதை?

கடைசி அடி பால் சொசைட்டியில் விழுகிறது. கொழுப்பையும், கொழுப்பு நீங்கிய மற்றச் சத்தையும் அளந்துதான் விலை. டிகிரி இல்லை என்று சொல்லி விலையைக் குறைக்கிறார்கள். டிகிரி எங்கிருந்து வரும்? மாட்டுக்குப் போதிய சக்தியுள்ள தீனி கிடைக்காவிட்டால் பாலில் அந்தச் சத்து இறங்கிவிடும் என்று இதே தீவன ஆராய்ச்சிதான் சொல்கிறது. தண்ணீர் கலக்காத நேர்மையான பாலும் பட்டினி மாட்டின் பாலானால் டிகிரி குறையும். கிணற்றுப் புல் தின்ற பண்ணை மாட்டின் பால் முதல் தரம். வரப்புப் புல்லும் வைக்கோலும் தின்ற மாட்டின் பால் அடுத்த தரம். அந்தக் கருவி அளப்பது பாலை மட்டுமல்ல. யாருக்கு நிலம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதையும் அது அளக்கிறது.

2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 3 ரூபாய் உயர்த்தி 35 ரூபாயாக்கினார்கள். 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை தந்தார்கள். இரண்டும் உற்பத்தியாளர் போராடிப் பெற்றவை. ஆனால் பிண்ணாக்கு மூட்டையின் விலை மாதம் தவறாமல் நடக்கும்போது பால் விலை வருஷத்துக்கு ஒருமுறை நொண்டுவதா?

மில் தொழிலாளிக்கு இதில் என்ன?

சிலர் கேட்கலாம்: இது கிராமத்துச் சங்கதி, மில் தோழனுக்கு இதில் என்ன வேலை என்று. ஏராளமான வேலை இருக்கிறது. நூற்கும் பஞ்சு செடியில் விளைந்ததுதான். பஞ்சு பிரிந்தபின் மிஞ்சும் கொட்டைதான் மாட்டுக்குத் தீனி. மில் லைனில் குழந்தைக்கு வாங்கும் பால் பாக்கெட்டுக்கு உயர்ந்த விலை கொடுப்பவர் மில் தொழிலாளி. அதே பாலுக்குத் தாழ்ந்த விலை வாங்குபவர் விவசாயத் தொழிலாளி. இருவர் பையிலிருந்தும் எடுப்பவர் நடுவே நிற்கிறார். தீனி விலை குறைந்து பொதுநிலம் மீண்டால், உற்பத்தியாளருக்கும் கட்டுப்படியாகும், குழந்தைக்கும் அரை டம்ளர் கூடும். இருவரையும் ஒருவர்மேல் ஒருவர் கோபம் கொள்ள வைப்பதுதான் நடுவே நிற்பவரின் தந்திரம்.

நம் தோழர்களிலேயே சிலருக்கு வேறொரு சந்தேகம். உழுபவனுக்கு நிலம் என்பதல்லவா நம் கோஷம், பத்து சென்ட் புல்லுக்காகப் போராடுவது சின்ன விஷயமல்லவா என்கிறார்கள். சின்ன விஷயம்தான், நிலம் இருப்பவனுக்கு! காலையில் இரண்டு லிட்டர் பால் ஊற்றும் குடும்பம் பண்ணைக்காரரிடம் முன்பணத்துக்குக் கை நீட்டாது. வேலைநிறுத்தம் என்றால் ஒரு வாரம் தாக்குப் பிடிக்கும். வரப்பில் கால் வைக்காதே என்ற மிரட்டலுக்குப் பணியாது. பத்து சென்ட் புல், கூலிப் போராட்டத்துக்கு ஓர் அரண். பெரிய நிலப் போராட்டத்துக்கு அது முதல் படி.

நம் கோரிக்கைகள்

ஒன்று: ஒவ்வொரு ஊராட்சியிலும் மேய்க்கால் புறம்போக்கை அளந்து பகிரங்கப்படுத்து! பெரும் ஆக்கிரமிப்பாளரிடமிருந்து மீட்டுக் கொடு! ஏழையின் குடிசையில் கை வைக்காதே. அதற்குப் பட்டா கொடு!

இரண்டு: மீட்ட நிலத்தில் கிணறும் மின்சாரமும் கொடுத்து, மாடு வைத்திருக்கும் நிலமற்ற குடும்பங்களின் கூட்டுறவுப் புல் பண்ணை அமை! ஐந்து ஏக்கர் இருந்தால் 50 மாட்டுக்குப் பசும்புல். பெண்களின் பெயரில் உரிமை எழுது!

மூன்று: பிண்ணாக்கையும் தவிட்டையும் பால் சொசைட்டி மூலம் அடக்க விலைக்குக் கொடு! தீனி விலை ஏறும் அளவுக்குப் பால் கொள்முதல் விலையையும் ஏற்று!

நான்கு: அறுவடைக் காலத்தில் உள்ளூர் மாட்டுக்கு வேண்டிய வைக்கோலை ஊராட்சி கொள்முதல் செய்து வைத்த பிறகே வெளியூர் லாரி! யூரியா வைக்கோலைக் கூட்டுறவுக் கொட்டகையில் தயாரித்துக் கொடு!

ஐந்து: மேய்ப்பர்களின் வன உரிமையையும் கிடை வழித்தடத்தையும் அமல் செய்!

பல்கலைக்கழக நிபுணர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கரணை நல்ல கரணை. உங்கள் கணக்கு சரியான கணக்கு. ஆனால் நிலமில்லாதவன் முன்னால் நின்று அவன் அறியாமையைப் பற்றிப் பேசாதீர்கள். எங்களோடு வந்து புறம்போக்கை அளங்கள். அங்கே நடுவதற்குக் கரணை கொடுங்கள்.

தோழர்களே! ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய தினங்களில் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். மாடு வைத்திருக்கும் அத்தனை பெண்களையும் திரட்டிக்கொண்டு போங்கள். கிராமக் கணக்கைக் கொண்டு வரச் சொல்லுங்கள். மேய்க்கால் எத்தனை ஏக்கர், எந்த சர்வே எண், இன்று யார் கையில் என்று உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பதிலைத் தீர்மானத்தில் எழுத வையுங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.

புல் வளரத் தயார். மாடு கறக்கத் தயார். உழைக்க நம் மக்கள் தயார். நிலத்தைக் கட்டிப் பிடித்திருக்கும் கையை விலக்குவதே இப்போது செய்ய வேண்டிய வேலை!